30 நாள் எப்போது தொடங்குகிறது?
நொடிப்பு வழக்குகளில் மேல்முறையீட்டின் எல்லைகள் (அறக்கட்டளைச் சொற்பொழிவு)



ஒரு கம்பெனி நொடித்துப்போனால் செய்தித்தாள்கள் சில கேள்விகளைத் தவறாமல் கேட்கின்றன. எந்த வங்கிக்கு எவ்வளவு பாக்கி? வங்கிகள் எவ்வளவு விட்டுக்கொடுத்தன? கம்பெனி யார் கைக்குப் போகிறது? இவை நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்த வழக்கில் தீர்ப்பாயமோ ஓர் அரசுத் துறையோ ஓர் ஒழுங்குமுறை ஆணையமோ பிறப்பித்த உத்தரவு தவறு என்று ஒருவர் நினைத்தால் அவர் எங்கே போக வேண்டும், எந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டும், எத்தனை நாளுக்குள் போக வேண்டும் என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. நிலுவைக்காகக் காத்திருக்கும் சிறு சப்ளையருக்கும், சம்பள பாக்கிக்காக நிற்கும் தொழிலாளிக்கும், கையில் நாலைந்து பங்குப் பத்திரம் வைத்திருப்பவருக்கும் அதுதான் வாழ்வா சாவா என்ற கேள்வி. இன்றைய உரைக்கு அதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நொடிப்பு வழக்குகளில் மேல்முறையீட்டுக்குக் கடுமையான எல்லைகள் தேவை. ஆனால் கெடு எவ்வளவு கடுமையோ அவ்வளவு தெளிவாக அதன் தொடக்க நாள் இருக்க வேண்டும். உத்தரவின் எழுத்து கைக்கு வராத நாளில் கடிகாரத்தை ஓடவிடுவது நீதியாகாது.

1. அவசரத்துக்கு ஒரு வரலாறு உண்டு

1985இல் நலிந்த தொழில் நிறுவனங்கள் சட்டம் வந்தது. அதன் கீழ் பி.ஐ.எஃப்.ஆர். என்ற வாரியம் அமைந்தது. ஒரு கம்பெனியின் வழக்கு அந்த வாரியத்தின் முன் பதிவாகிவிட்டால், 22ஆம் பிரிவின்படி அதன் மீதான வசூல் நடவடிக்கைகள் எல்லாம் நின்றுவிடும். நலிந்த ஆலையைக் காப்பாற்றுவதற்காகக் கொடுத்த அந்தப் பாதுகாப்பு, கடனைக் கட்டாமல் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளும் நிழலாகிப்போனது. இயந்திரங்கள் துருப்பிடித்தன. தொழிலாளிகள் வாசலில் காத்திருந்தார்கள். அறுத்துக் களத்தில் போட்ட நெல் மழையில் நனைய நனைய விலை இறங்குவது போல, நொடித்த கம்பெனியின் மதிப்பு ஒவ்வொரு வாய்தாவிலும் இறங்கிக்கொண்டே போகும்.

டி.கே. விஸ்வநாதன் தலைமையிலான குழு 2015 நவம்பரில் அளித்த அறிக்கையின் அடிப்படையில், 2016இல் நாடாளுமன்றம் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பை நிறைவேற்றியது. அதன் 12ஆம் பிரிவு தீர்வு நடைமுறைக்கு 180 நாள் கொடுத்தது. தேவைப்பட்டால் மேலும் 90 நாள். 2019 திருத்தம், நீதிமன்ற வழக்குகளில் கழியும் காலத்தையும் சேர்த்து 330 நாள் என்று மேல் எல்லை வைத்தது. மேல்முறையீட்டுக்கான குறுகிய கெடுவும் இதே நோக்கத்தில் பிறந்ததுதான்.

இந்த வழக்குகளை விசாரிக்கும் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் வரலாற்றில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் அமைப்பையும் உறுப்பினர் நியமன முறையையும் எதிர்த்து மெட்ராஸ் பார் அசோசியேஷன் நடத்திய வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2010இலும் 2015இலும் தீர்ப்பளித்தது. தீர்ப்பாயம் செல்லும், ஆனால் அது நீதிமன்றத்துக்குரிய சுதந்திரத்தோடு இயங்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்புகளின் சாரம். அதன் பிறகே, 2016 ஜூன் 1 முதல், தீர்ப்பாயம் நடைமுறைக்கு வந்தது. உயர் நீதிமன்றங்களின் அதிகாரத்தில் ஒரு பகுதியை எடுத்து ஒரு தீர்ப்பாயத்திடம் கொடுக்கும்போது, வழக்காடுபவனின் உரிமை வழியில் சிந்திவிடக் கூடாது என்பதே இந்த ஊர் வழக்கறிஞர்கள் அன்று கொண்ட கவலை. அந்தக் கவலையின் தொடர்ச்சியாகவே இன்று பேசுகிறேன்.

2. எங்கே போவது?

முதல் எல்லை இடத்தைப் பற்றியது. தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வரும் விஷயத்தில் சிவில் நீதிமன்றம் தலையிட முடியாது என்கிறது நொடிப்புச் சட்டத்தின் 63ஆம் பிரிவு. நொடிப்பு நடவடிக்கையிலிருந்து எழும், அல்லது அதோடு தொடர்புடைய எந்தச் சட்டக் கேள்வியையும் பொருண்மைக் கேள்வியையும் தீர்ப்பாயமே முடிவு செய்யலாம் என்கிறது 60(5). படித்துப் பார்த்தால் எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே வாசல் என்று தோன்றும். ஓர் அரசோ ஒழுங்குமுறை ஆணையமோ தன் சொந்தச் சட்டத்தின் கீழ் எடுத்த முடிவுக்கும் அதே வாசல்தானா?

இந்தக் கேள்வி சென்னை அமர்விலிருந்தே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. டிஃபின்ஸ் பேரைட்ஸ் என்ற கம்பெனி கர்நாடகத்தில் சுரங்கக் குத்தகை வைத்திருந்தது. 2018 மார்ச்சில் அதன் மீது நொடிப்பு நடவடிக்கை தொடங்கியது. அதே ஆண்டு மே மாதம் குத்தகைக் காலம் முடிவதாக இருந்தது. கனிமச் சட்டப்படி 2020 மார்ச் வரை குத்தகை தானாக நீள்கிறது என்று, நொடிப்பு நடவடிக்கையை நடத்தும் தீர்வு நிபுணர் கோரினார். கர்நாடக அரசு மறுத்தது. சென்னைத் தீர்ப்பாயம், குத்தகையை நீட்டிப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. அரசு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகாமல் நேராகக் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கியது. அது சரியா?

2019 டிசம்பர் 3 அன்று, எம்பஸி பிராப்பர்ட்டி என்று அறியப்படும் இந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் சரி என்றது. நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் எழுதிய அந்தத் தீர்ப்பின் தர்க்கம் எளிது. குத்தகையை நீட்ட மறுத்தது பொதுச் சட்டத்தின் கீழ் அரசு எடுத்த முடிவு. அதைச் சீராய்வு செய்யும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு; சட்டத்தால் படைக்கப்பட்ட தீர்ப்பாயத்துக்கு இல்லை. இல்லாத அதிகாரத்தைத் தீர்ப்பாயம் கையில் எடுத்தால், மேல்முறையீட்டு வழி இருந்தாலும் உயர் நீதிமன்றம் தலையிடலாம்.

இதன் மறுபக்கம் 2021 மார்ச்சில் வந்த குஜராத் ஊர்ஜா தீர்ப்பு. கம்பெனி நொடித்துவிட்டது என்ற ஒரே காரணத்தைக் காட்டி மின் கொள்முதல் ஒப்பந்தத்தை முறித்தால், அந்தப் பிரச்சினை நொடிப்பிலிருந்தே பிறப்பதால் தீர்ப்பாயம் அதை விசாரிக்கலாம் என்றது நீதிமன்றம். நொடிப்போடு சம்பந்தம் இல்லாத காரணத்துக்காக ஒப்பந்தம் முறிந்தால் தீர்ப்பாயம் நுழையக் கூடாது என்றும் அதே தீர்ப்பு எச்சரித்தது. ஆக, ஒழுங்குமுறை உத்தரவை எதிர்ப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த உத்தரவு பிறந்தது நொடிப்பினாலா, அல்லது வேறொரு சட்டத்தின் சொந்தக் காரணத்தினாலா?

போட்டி ஆணையத்தின் விஷயத்தில் சட்டமே வரிசையை வகுத்திருக்கிறது. தீர்வுத் திட்டத்தில் கம்பெனிகள் இணைந்தால், கடன் கொடுத்தோர் குழு வாக்களிப்பதற்கு முன்பே ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது 31(4)இன் நிபந்தனை. ஹிந்துஸ்தான் நேஷனல் கிளாஸ் வழக்கில் குழு வாக்களித்தது 2022 அக்டோபரில். ஆணையத்தின் ஒப்புதல் வந்தது 2023 மார்ச்சில். வரிசை மாறியதால் 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அந்தத் திட்டத்தைச் செல்லாது என்றது. நடைமுறை வரிசை இந்தச் சட்டத்தில் வெறும் சம்பிரதாயம் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

3. எதைச் சொல்லிப் போவது?

இரண்டாவது எல்லை காரணத்தைப் பற்றியது. இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தீர்வுத் திட்டத்துக்குக் கொடுத்த ஒப்புதலை எதிர்க்க 61(3) ஐந்து காரணங்களை மட்டுமே தருகிறது. திட்டம் சட்டத்துக்கு முரணானது. தீர்வு நிபுணர் தம் அதிகாரத்தைப் பெரிய குறைபாட்டோடு பயன்படுத்தினார். சப்ளையர் போன்ற தொழில்முறைக் கடன் கொடுத்தோரின் நிலுவைக்கு விதிப்படி வழி செய்யவில்லை. நடைமுறைச் செலவுக்கு முன்னுரிமை தரவில்லை. 2016 சட்டத்தின் கீழ் அமைந்த நொடிப்பு வாரியத்தின் பிற நிபந்தனைகள் நிறைவேறவில்லை. இவ்வளவுதான். கம்பெனியைக் கலைக்கும் உத்தரவு என்றால் பெரிய குறைபாடு அல்லது மோசடி என்ற இரண்டே காரணங்கள். எனக்கு இன்னும் அதிகம் கிடைத்திருக்க வேண்டும் என்பது மேல்முறையீட்டுக்குக் காரணமாகாது. கடன் கொடுத்தோர் குழுவின் வணிக முடிவை நீதிமன்றம் எடைபோடாது என்று 2019 பிப்ரவரியில் கே. சசிதர் எதிர் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. உச்ச நீதிமன்றத்துக்கு 62ஆம் பிரிவில் போக வேண்டுமானால் சட்டக் கேள்வி இருந்தாக வேண்டும்.

இந்த எல்லையோடு எனக்குச் சண்டை இல்லை. பணம் போட்டவர்கள் எடுத்த வணிக முடிவை ஒவ்வொரு நீதிபதியும் திரும்பக் கணக்குப் போட ஆரம்பித்தால் எந்தக் கம்பெனியும் கரைசேராது.

4. எப்போதுக்குள் போவது?

என் கவலை மூன்றாவது எல்லையில்தான் இருக்கிறது. 61(2)இன்படி மேல்முறையீட்டுக்கு 30 நாள். போதிய காரணம் இருந்தால் மேலும் 15 நாள் வரை தாமதத்தைப் பொறுக்கலாம். அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது. 2021 செப்டம்பரில் நேஷனல் ஸ்பாட் எக்ஸ்சேஞ்ச் வழக்கில் தாமதம் 44 நாள். அரசமைப்பின் 142ஆம் உறுப்பைக் கொண்டும் அதை மன்னிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே கையை விரித்துவிட்டது.

இந்த 45 நாள் எந்த நாளிலிருந்து? அதற்கு விடை சொன்னது திருச்சியைச் சேர்ந்த ஒரு கம்பெனியின் வழக்கு. கொதிகலன் தயாரித்த சேத்தார் லிமிடெட் நொடித்து, கலைக்கும் கட்டத்துக்கு வந்திருந்தது. அதன் வங்கி உத்தரவாதங்களை எஸ்.கே.எஸ். இஸ்பாட் என்ற கம்பெனி பணமாக்க முயன்றபோது, சேத்தாரின் கலைப்பாளர் அதைத் தடுக்கச் சென்னைத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்தார். 2019 டிசம்பர் 31 அன்று தீர்ப்பாயம் இடைக்கால நிவாரணம் தர மறுத்தது. உத்தரவு திறந்த அவையில் அறிவிக்கப்பட்டது.

கலைப்பாளர் தரப்பு சொன்ன தேதிகளை வரிசையாகப் பாருங்கள். உத்தரவின் எழுத்து வடிவம் இணையத்தில் ஏறியது 2020 மார்ச் 12 அன்று. அதில் நீதித்துறை உறுப்பினரின் பெயர் தவறாக இருந்தது. திருத்திய உத்தரவு மார்ச் 20 அன்று ஏறியது. தீர்ப்பாய விதி 50இன்படி தரப்பினருக்கு இலவசமாகத் தர வேண்டிய சான்றிட்ட நகலைக் கேட்டு மார்ச் 23 அன்று அவர் கடிதம் எழுதினார். மேல்முறையீட்டைத் தாக்கல் செய்தது ஜூன் 8 அன்று. 

2021 அக்டோபர் 22 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. உத்தரவு அறிவித்த நாளிலிருந்தே கெடு ஓடும். அதன்படி 30 நாள் 2020 ஜனவரி 30 அன்று முடிந்தது. கூடுதல் 15 நாளும் பிப்ரவரி 14 அன்று தீர்ந்தது. கொரோனாவுக்காகக் கெடு நிறுத்தப்பட்டது மார்ச் 15 முதல்தான்; அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கம்பெனிச் சட்டத்தின் 421(3) நகல் கிடைக்கும் நாளிலிருந்து கெடு என்கிறது. நொடிப்புச் சட்டம் அந்தச் சொற்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறது என்றது நீதிமன்றம். நகலுக்கு விண்ணப்பித்தால், அதைப் பெற ஆகும் நாள்களைக் காலவரையறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி கழித்துக்கொள்ளலாம். விண்ணப்பிக்காமல் இலவச நகலுக்காகக் காத்திருந்தவருக்கு அந்தச் சலுகை இல்லை.

சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் இந்தத் தீர்ப்பைக் குறை சொல்வது கடினம். ஆனால் உத்தரவின் உரை இணையத்தில் ஏறியபோது மேல்முறையீட்டின் முழுக் கெடுவும் முடிந்து ஏறக்குறைய நான்கு வாரம் ஆகியிருந்தது என்பதையும் மறக்க முடியாது.

பின்னால் வந்த தீர்ப்புகள் இந்தக் கடுமையைச் சற்றே செதுக்கின. 2023இல் சங்கேத் குமார் அகர்வால் வழக்கில், உத்தரவு வந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, மின்வழியில் தாக்கல் செய்த நாளே தாக்கல் நாள் என்று நீதிமன்றம் சொன்னது. 46ஆம் நாள் என்று விரட்டப்பட்டவர் உண்மையில் 45ஆம் நாளில் வந்தவர் என்பது தெரிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று தீர்ப்பு வந்த, விஸ்ட்ரா ஐ.டி.சி.எல். எதிர்த்தரப்பாக இருந்த வழக்கில், தீர்ப்பாய விசாரணை முடிந்தது மே 17 அன்று. ஆனால் அன்று உத்தரவு எதுவும் அவையில் அறிவிக்கப்படவில்லை. இணையத்தில் ஏறியது மே 30 அன்று. அறிவிக்காத உத்தரவுக்கு, அது ஏறிய நாளிலிருந்தே கெடு என்றது நீதிமன்றம். 2025 மே மாதம் டாடா ஸ்டீல் வழக்கில், ஒரு சிறு பங்குதாரர் ஓரிரு நாள் தவறியதற்காக அவருடைய மேல்முறையீடு நிற்காது என்று மீண்டும் கடுமை நிலைநாட்டப்பட்டது.

விளைவைப் பாருங்கள். தீர்ப்பாயம் விசாரணையன்று எதுவும் சொல்லாமல் பின்னால் உத்தரவை ஏற்றினால் வழக்காடுபவருக்கு முழு 45 நாள் கிடைக்கிறது. தள்ளுபடி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, காரணங்களை இரண்டு மாதம் கழித்து ஏற்றினால், நகலுக்கு விண்ணப்பிக்காமல் காத்திருந்தவருக்கு ஒன்றுமே மிஞ்சுவதில்லை. இரண்டிலும் வழக்காடுபவர் செய்தது ஒன்றுதான். வேறுபாடு தீர்ப்பாயம் நடந்துகொண்ட விதத்தில் இருக்கிறது. அதற்கான விலையைக் கொடுப்பவர் வழக்காடுபவர்.

5. என் வாதம்

நீதிமன்றத்தின் செயலால் வழக்காடுபவர் எவருக்கும் கேடு வரக் கூடாது என்பது நம் சட்ட மரபின் பழைய கோட்பாடு. எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில், 2019 நவம்பர் 15 அன்று, உச்ச நீதிமன்றம் இதே கோட்பாட்டைக் கையிலெடுத்தது. 330 நாளுக்குள் கட்டாயமாக முடிக்க வேண்டும் என்ற விதியிலிருந்து கட்டாயமாக என்ற சொல்லை நீக்கியது. தீர்ப்பாயம் தாமதித்ததற்காகக் கம்பெனியைக் கலைப்புக்குத் தள்ளுவது நியாயமற்றது என்று காரணம் சொன்னது. தீர்ப்பாயத்தின் தாமதம் 330 நாள் கணக்கில் வழக்காடுபவரைத் தாக்கக் கூடாது என்றால், 30 நாள் கணக்கில் மட்டும் தாக்கலாமா?

இன்னொன்றும் உண்டு. 61ஆம் பிரிவு மேல்முறையீட்டு உரிமையைத் தரப்பினருக்கு மட்டும் கொடுக்கவில்லை. பாதிக்கப்பட்ட எவருக்கும் கொடுக்கிறது. அது சரிதான். ஒரு கம்பெனியின் தலைவிதி முடிவாகும்போது, வழக்கில் பெயர் இல்லாத நூற்றுக்கணக்கானவர்களின் பணமும் அதோடு முடிவாகிறது. ஆனால் சென்னைத் தீர்ப்பாயத்தின் ராஜாஜி சாலைக் கட்டடத்தில் ஓர் உத்தரவு வாசிக்கப்படுவது, கோவையில் உதிரி பாகம் செய்து கொடுத்தவருக்கு அன்றே எப்படித் தெரியும்? நொடிப்பு வாரியத்தின் விதி 39(5A), தீர்வுத் திட்டம் ஒப்புதல் பெற்ற 15 நாளுக்குள், பணம் எந்த அடிப்படையில் பிரிக்கப்படும் என்பதைக் கோரிக்கை வைத்த ஒவ்வொருவருக்கும் தீர்வு நிபுணர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நிபுணர் விதி தவறாமல் 15ஆம் நாளில் தெரிவித்தாலும், அந்தச் சிறு சப்ளையரின் 30 நாளில் பாதி அதற்குள் போய்விட்டது. தகவல் சொல்ல ஒருவருக்குச் சட்டம் கொடுக்கும் அவகாசம் இன்னொருவரின் உரிமையிலிருந்து வெட்டி எடுக்கப்படுகிறது.

அறிந்த நாளிலிருந்து கெடு என்று வைத்தால் ஆளுக்கொரு தேதி சொல்லி வழக்கை இழுப்பார்கள் என்பது எதிர்வாதம். அந்த வாதத்துக்கு வலு உண்டு. பி.ஐ.எஃப்.ஆர். காலத்துக்குத் திரும்ப நானும் விரும்பவில்லை. அதனால்தான் அறிந்த நாள் என்று கேட்கவில்லை. எவரும் சரிபார்க்கக்கூடிய ஒரு நாளைக் கேட்கிறேன்.

என் பரிந்துரைகள் மூன்று. ஒன்று: 61(2)ஐத் திருத்தி, உத்தரவின் முழு உரை தீர்ப்பாய இணையத்தில் ஏறிய நாளிலிருந்தோ, நகல் கைக்குக் கிடைத்த நாளிலிருந்தோ, எது முந்தியதோ அதிலிருந்து 30 நாள் என்று வைக்க வேண்டும். கூடுதல் 15 நாளும் அதன் கடுமையும் அப்படியே இருக்கட்டும். இரண்டு: எழுத்து வடிவம் தயாராகாமல் எந்த இறுதி உத்தரவையும் அவையில் அறிவிக்கக் கூடாது, அறிவித்த அன்றே ஏற்ற வேண்டும், ஏறிய தேதி உத்தரவின் முதல் பக்கத்திலேயே அச்சாக வேண்டும். மூன்று: நொடிப்பு நடவடிக்கை தொடங்கும்போது ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் பொது அறிவிப்பு வருகிறது. திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்ததும் அதே போன்ற அறிவிப்பு வர வேண்டும். உரிமை பிறக்கும்போது அறிவிக்கிற சட்டம், அது முடியப்போகும்போதும் அறிவிக்கட்டும். இவற்றில் எதுவும் தீர்வு நடைமுறையை நீட்டாது. தீர்ப்பாயம் உத்தரவை அன்றே ஏற்றினால், இன்றைய கெடுவுக்கும் நான் கேட்கும் கெடுவுக்கும் ஒரு நாள்கூட வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் வருவது தீர்ப்பாயம் தாமதித்தால் மட்டுமே. அந்தத் தாமதத்தின் சுமையைத் தீர்ப்பாயமே ஏற்பதுதான் முறை.

6. இளம் வழக்கறிஞர்களுக்கு

சட்டம் திருந்தும்வரை நம் கட்சிக்காரர்கள் இன்றைய சட்டத்தின் கீழ்தான் வாழ வேண்டும். ஆகவே இந்தத் தொழிலுக்கு வரப்போகிறவர்களிடம் நடைமுறையாகச் சில வார்த்தைகள். உத்தரவு வாசிக்கப்பட்ட அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். இலவச நகல் வரும் என்று காத்திருக்காதீர்கள். விண்ணப்பித்த ரசீதையும் நகல் கிடைத்த தேதியையும் பத்திரமாக வையுங்கள். கழித்துக்கொள்ளும் நாள்களுக்கு அவைதான் சாட்சி. நகல் வரத் தாமதமானால், நகல் இல்லாமல் தாக்கல் செய்ய விலக்குக் கோரி மனுப் போடுங்கள். கூடுதல் 15 நாளை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள். அது தீர்ப்பாயம் மனம்வைத்தால் தருவது, நீங்கள் உரிமையோடு எடுத்துக்கொள்வது இல்லை. ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு என்றால், எந்தச் சட்டத்தில் பிறந்தது, அந்தச் சட்டத்தின் மேல்முறையீட்டு வழி எது, அதன் கெடு என்ன என்பதை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். தவறான வாசலில் நிற்கும் நாள்கள் தாமாகத் திரும்பி வந்துவிடாது.

உயர் நீதிமன்றத்தின் வாசல் முற்றிலும் மூடிவிட்டது என்றும் நினைக்காதீர்கள். 226ஆம் உறுப்பின் கீழ் உள்ள சீராய்வு அதிகாரம் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு என்று 1997இல் எல். சந்திர குமார் வழக்கு நிறுவிவிட்டது. எந்தத் தீர்ப்பாயமும் அதை அழிக்க முடியாது. ஆனால் அந்த வாசல் அதிகார வரம்பு மீறலுக்கானது. 46ஆம் நாளில் விழித்துக்கொண்டவருக்கு அதை மாற்று வழியாகக் காட்டி ஆறுதல் சொல்லாதீர்கள்.

நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும், கம்பெனி விவகாரத் துறைக்கும், தீர்ப்பாயத் தலைவர்களுக்கும் இந்த அவையிலிருந்து ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கெடுவைத் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை. உத்தரவை எழுதி, கையெழுத்திட்டு, மக்கள் படிக்கும்படி வெளியிட்ட பிறகு கெடுவைத் தொடங்குங்கள் என்றே கேட்கிறேன். படிக்கக் கிடைக்காத உத்தரவை எதிர்த்து எவராலும் மேல்முறையீடு எழுத முடியாது. 61(2)இல் சில சொற்களைச் சேர்த்தால் இந்தக் குறை தீரும். அதைச் செய்ய வேண்டும். விரைவில் செய்ய வேண்டும்.